பனிமலைப் பூவும் கண்ணாடிக் குடுவையும்



நம்மவர் இல்லங்கள் பலவற்றில், இரவில் விரிந்து விடியுமுன் வாடிவிடும் வெண்மலர்ச் செடியொன்றைப் பிரம்ம கமலம் என்று போற்றி வளர்க்கின்றனர். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கள்ளியினம். உண்மையான பிரம்ம கமலமோ இமயத்தில், ஏறக்குறைய 12,000 அடிக்கு மேல், பாறைகளினிடையே பூப்பது, கேதாரநாதரின் வழிபாட்டிற்குரியது, உத்தரகண்டின் மாநில மலர்.

அவ்வுயரத்தில் மரங்கள் இல்லை. மரங்களின் எல்லைக்கும் நிலைத்த பனிக்கும் இடையே கிடக்கும் பசும்புல் வெளிகளைக் கட்வால் மக்கள் 'புக்யால்' என்பர். பனி உருகியதும் தளிர்த்து, மழைக் காலத்திற் பூத்து, இலையுதிர் காலத்திற்குள் விதை முதிர்த்துவிட வேண்டும். எஞ்சிய மாதங்களில் வேர்த்தண்டு மட்டும் பனியின் கீழ் உயிர் காத்துக் கிடக்கும். 1931-ல் பிராங்க் ஸ்மைத் என்ற மலையேறி கண்டு வியந்த பூப்பள்ளத்தாக்கு இத்தகையது. 1982-ல் அது தேசியப் பூங்காவாயிற்று.

இப்பூச்செடிகளுள் சில நமக்குப் பழைய உறவினரே. நாட்டு மருந்துக் கடையில் நாம் வாங்கும் கடுகுரோகிணி, சடாமாஞ்சில், அதிவிடயம் ஆகியவை இமயச் செடிகளின் நிலத்தடிப் பகுதிகளே. இலையைக் கிள்ளினால் மீண்டும் துளிர்க்கும். வேரைத் தோண்டினால் செடியே இல்லையாகிவிடும். பல ஆண்டு வளர்ந்த வேர் ஒரு நாளிற் போய்விடுகிறது. ஆதலின் 1997-ல் கடுகுரோகிணியும் சடாமாஞ்சிலும் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆயினும், தோண்டி விற்பதை நம்பி வாழும் மலைக் குடும்பங்களுக்கு வேறு வழி காட்டாமல் தடை மட்டும் விதித்தல் போதுமா?

இவ்விடத்தில் திசு வளர்ப்பு துணைக்கு வருகிறது. செடியின் குருத்து நுனியை வெட்டியெடுத்து, கிருமி நீக்கி, குடுவையிலுள்ள ஊட்டக் கூழில் நடுவர். கூழில் தாது உப்புக்கள், சர்க்கரை, வைட்டமின்கள், கெட்டிப்படுத்தக் கடற்பாசிப் பொருள் ஆகியவை இருக்கும். முரசிகே, ஸ்கூக் என்ற இருவர் 1962-ல் வகுத்த கலவையே இன்றும் பெரிதும் வழங்குகிறது. சைட்டோகைனின் என்ற வளர்ச்சிப் பொருள் மிகுந்தால் தளிர்கள் பெருகும். ஆக்சின் மிகுந்தால் வேர் இறங்கும். ஒரு தளிர் திங்கள்தோறும் மும்மடங்காகுமெனக் கொண்டால், ஆறு திங்களில் 729 தளிர்கள்! பாலம்பூரிலுள்ள இமயமலை உயிர்வளத் தொழில்நுட்ப ஆய்வுக் கூடத்தார் கடுகுரோகிணியை இவ்வழியே பெருக்கியுள்ளனர்.

ஆனால், குடுவையில் வளர்ந்த செடி செல்லப் பிள்ளை போன்றது. ஈரக் காற்றிலும் சர்க்கரை ஊட்டத்திலும் வளர்ந்தமையால் அதன் இலையின் மெழுகுப் போர்வை மெல்லியது. இலைத்துளைகள் சரிவர மூடா. நேரே வெளியில் நட்டால் வாடி மடியும். எனவே முதலில் ஈரம் காக்கும் கூடாரத்திலும், பின்னர் இடைப்பட்ட உயரத்து நாற்றங்காலிலும், இறுதியாக மலை வயலிலும் படிப்படியாகப் பழக்குவர். வெற்றி தோல்வியை முடிவு செய்வது பெரும்பாலும் இக்கட்டமே.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஒரு தாய்ச் செடியிலிருந்து பிறந்தவை யாவும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு நோய் தாக்கினால் எல்லாம் ஒருங்கே வீழக்கூடும். ஆகவே பல இடங்களிலிருந்து தாய்ச் செடிகளைத் தேர்தல் வேண்டும். விதை நாற்றுக்களையும் உடன் வளர்த்தல் வேண்டும். குடுவை மலைக்கு மாற்றாகாது. மலைக் குடியானவர் தம் வயலிலேயே இவ்வேர்களைப் பயிரிட்டு விற்கச் செய்து, காட்டுச் செடியின் மீதுள்ள சுமையைக் குறைப்பதே அதன் பணி.

வட இந்தியாவில் வாழும் நம்மவர் பலர் பத்ரிநாதத்திற்கும் கேதாரத்திற்கும் யாத்திரை செல்கின்றனர். வழியிற் காணும் மலரைக் கண்ணாற் கண்டு மகிழ்வோம். வேரோடு பிடுங்கி வாரோம். மருந்து வாங்கும்போது, "இது பயிரிட்ட வேரா, காட்டில் தோண்டியதா?" என்று கேட்போம். கேட்பவர் பெருகினால், பயிரிடுபவரும் பெருகுவர்.