தலைவலி தந்த மாத்திரை
(திருவனந்தபுரம் மாவட்டம் கல்லாற்றில் நடந்த அங்கத்தினர் குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரை)



2018-ல் பத்மஸ்ரீ பெற்ற மூலிகை வைத்தியர் லட்சுமிக்குட்டி அம்மாவின் ஊர் இந்தக் கல்லாறு. அவரைத் தேடி வந்தவர்கள் வியாதியைச் சொல்லி மருந்து கேட்டார்கள். நாமோ மெடிக்கல் ஷாப்பில் மாத்திரையின் பெயரைச் சொல்லி வாங்குகிறோம். வியாதியை யாரிடமும் சொல்வதில்லை.

நானும் அப்படித்தான். ரிடையர் ஆன பிறகு பாராசிட்டமாலும் காஃபீனும் கலந்த மாத்திரையை இரண்டு வருஷம் அநேகமாக தினமும் போட்டுக்கொண்டேன். சீட்டு இல்லாமல் கிடைப்பதுதானே, என்ன கெடுதல் என்று நினைப்பு. எப்போதாவது வந்த தலைவலி தினசரி ஆயிற்று. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவனுக்கே இந்த கதி!

நரம்பியல் டாக்டர் விளக்கினார். தலைவலிக்காரர்கள் கலப்பு மாத்திரையை மாதம் 10 நாளோ, வெறும் பாராசிட்டமாலை 15 நாளோ, அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் அதிகமாகப் போட்டால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கலாம்.

அவர் சொல்லி நிறுத்தினேன். முதல் வாரம் வலி இரட்டிப்பாயிற்று. ஆத்தில் டப்பாவை ஒளித்து வைத்தாள்; கோபித்துக்கொண்டேன். பத்து நாளில் குறைய ஆரம்பித்தது.

ஒரு எச்சரிக்கை. கோடீன் மருந்தோ தூக்க மாத்திரையோ பழகியவர்கள் சட்டென்று நிறுத்தக்கூடாது, வலிப்புகூட வரலாம். டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மாத்திரை போடும் நாளில் காலண்டரில் ஒரு கோடு போடுங்கள். மாதம் பத்துக் கோடு சேர்ந்தால் அந்தக் காலண்டரையே டாக்டரிடம் காட்டுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.