சர்க்கரையில் ஒரு ரோஜா

(பழைய மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"உன் வேலையைப் பற்றிப் பேசு" என்றுதான் செயலாளர் கேட்டார். பம்ப்பைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் காபிக்குப் போய்விடுவீர்கள். அதனால் இரவு பத்து மணிக்கு மேல் சமையலறையில் நான் செய்கிற வேலையைச் சொல்கிறேன். கேக் மேல் வைக்கும் சர்க்கரைப் பூ. ஆபீஸில் யாருக்கும் தெரியாது. நாளைக்குத் தெரிந்துவிடும், போகட்டும்.

2018-ல் ஆரம்பித்தேன். கடையில் ஃபாண்டன்ட் என்று சர்க்கரை மாவு பிசைந்தே கிடைக்கும். கால் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் சி.எம்.சி. தூள் சேர்க்க வேண்டும். எண்ணெய்க் கிணறு தோண்டும்போது விடுகிற களிமண் குழம்பிலும் இதே சரக்குதான், தரம் மட்டும் வேறு. இது தண்ணீரைப் பிடித்து உப்பி மாவுக்கு இழுவை தரும். அதனால்தான் இதழைக் காகிதம் மாதிரி மெலிதாகத் தேய்க்க முடிகிறது.

நாலு மாதம் எனக்கு ரோஜாவுக்குப் பதில் முட்டைக்கோஸ்தான் வந்தது. கடைசியில் நிஜ ரோஜா ஒன்றை வாங்கி, இதழ் இதழாகப் பிரித்து செய்தித்தாளில் வரிசையாக வைத்தேன். உள்ளிதழ் சின்னது, இறுக்கிச் சுற்றியிருக்கும். வெளியிதழ் பெரியது, விளிம்பு பின்னால் சுருளும். நானோ அத்தனையையும் ஒரே அச்சில் வெட்டிக்கொண்டிருந்தேன்! முதலாம் ஆண்டு ஃபிட்டிங் லேபில் "முதல்ல கண்ணால பாருடா, அப்புறம் ஃபைலை எடு" என்று சார் திட்டியது அன்றைக்குத்தான் உறைத்தது.

2019 நவம்பரில் சென்னையில் தங்கைக்கு நிச்சயதார்த்தம். "அண்ணா, கேக்குக்குப் பூ நீதான்" என்று ஒரே பிடிவாதம். மூன்று வாரம் உட்கார்ந்து 24 ரோஜா செய்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று முந்தின இரவு மொத்தத்தையும் ஃப்ரிட்ஜில் வைத்தேன். தெர்மோடைனமிக்ஸ் படித்தவன் செய்கிற காரியமா இது? மண்டபத்தில் வெளியே எடுத்ததும், ஐஸ் தண்ணீர் டம்ளர் மாதிரி இதழெல்லாம் வியர்த்தது. அரை மணியில் அத்தனையும் தொங்கிப்போச்சு. அம்மா ஒன்றும் பேசாமல், கூடையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து கேக் தட்டைச் சுற்றி வைத்தார். தங்கை சிரித்துக்கொண்டே போட்டோவுக்கு நின்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சுத்தமான சர்க்கரையே காற்றின் ஈரப்பதம் சுமார் 85 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையும். மழைக்காலச் சென்னை இரவில் அது சாதாரணம். அதோடு குளிர்ந்த பூ மேல் பனி வேறு படிந்தால் கேட்கவா வேண்டும்? இதெல்லாம் வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டிய பிறகு.

2020 பிப்ரவரியில் கல்யாணம். "மறுபடியும் நீயே செய்" என்று அவளேதான் சொன்னாள். இந்த முறை ஃப்ரிட்ஜ் பக்கமே போகவில்லை. காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். காம்புக் கம்பி கேக்கில் படாமல் இருக்க ஸ்ட்ரா செருகி அதில் நிறுத்தினேன். டப்பாவை மடியில் வைத்தே பஸ்ஸில் வந்தேன். 22 பூ கடைசிவரை நின்றது. மீதி இரண்டு, நிஜமா என்று தொட்டுப் பார்த்த மாமாவின் உபயம்.

ஒன்று கொண்டுவந்திருக்கிறேன், மேசை மேல் டப்பாவில் இருக்கிறது. பார்க்கலாம், தொடவும் செய்யலாம். உள்ளே கம்பி இருப்பதால் தயவுசெய்து யாரும் கடித்துவிடாதீர்கள்.