பேசியவள் நான், எழுதியவர் யார்?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் குறிப்பு எடுத்தேன். ஆனால் இந்த மண்டபத்தில் நின்று பேசப்போகிறேன் என்றதும் வேறொரு விடயம் நினைவுக்கு வந்தது. முப்பது ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாத விடயம். அதை இங்கே சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

1994ஆம் ஆண்டு நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தேன். தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்கு என்னைத் தெரிவு செய்தார்கள். தலைப்பு ‘ஔவையார்’. எங்கள் தமிழ் டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு இருந்து சீ.ஆர். கொப்பியின் நான்கு பக்கங்களில் அந்தப் பேச்சை எழுதித் தந்தார். இரண்டு கிழமை மனனம் செய்தேன். தெமட்டகொடையில் படித்தவர்களுக்குத் தெரியும், கோச்சி போகும்போது இங்கே யாரும் பேச முடியாது. “கோச்சி சத்தம் கேட்டால் நிப்பாட்டும். போன பிறகு அடுத்த வசனத்தைத் தொடங்கும்” என்று டீச்சர் சொல்லியிருந்தார். போட்டி நடந்த மண்டபத்தில் கோச்சி எதுவும் ஓடவில்லை. ஆனாலும் பழகிய இடங்களில் நான் நிறுத்தினேன். நடுவர்கள் அந்த இடைவெளிகளைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டினார்கள்!

முதலிடம் கிடைத்தது. சான்றிதழில் எனது பெயர் மட்டும் இருந்தது. அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டினார். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும், “இவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாயே” என்றார்கள். நான் தலையாட்டினேன். “டீச்சர் எழுதித் தந்தவ” என்று ஒருநாளும் சொல்லவில்லை.

இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் இப்படி டீச்சர்மார் எழுதித் தந்த பேச்சைப் பேசியிருப்பீர்கள்! சிரிக்கிறவர்களைப் பார்த்தால் நான் தனியாள் இல்லை என்று தெரிகிறது.

அந்தப் பேச்சிலே ஔவையார் ஒருவராகத்தான் இருந்தார். அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கியவரும், ஆத்திசூடி பாடியவரும், மரத்தடியில் முருகனிடம் பழம் கேட்டவரும் ஒரே பாட்டி. பின்னர் வாசித்தபோதுதான் அப்படி இல்லை என்று அறிந்தேன். சங்க நூல்களிலே ஔவையார் பெயரில் 59 பாடல்கள் உண்டு. அவற்றில் 33 புறநானூற்றில் உள்ளன. அந்த ஔவையார் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் நண்பர், அவனுக்காகத் தூது போனவர், காதலையும் பாடியவர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடிய ஔவையாரைப் பொதுவாக 12ஆம் நூற்றாண்டினர் என்பார்கள். இருவருக்கும் இடையில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள்! விநாயகர் அகவலும் ஔவை குறளும் யோக நெறியைச் சொல்கின்றன. அவற்றைப் பாடியவர் வேறொருவர் என்று கருதுவோர் உண்டு. எத்தனை ஔவையார் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ‘ஔவை’ என்ற சொல்லுக்குத் தாய், முதியவள் என்ற பொருளும் உண்டு. ஆகவே அது ஒருவரின் பெயரா, பலருக்கு வழங்கிய மரியாதையா என்பதே கேள்வி.

இதற்கு நேர்மாறானதும் சங்க இலக்கியத்தில் நடந்திருக்கிறது. குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்குச் சில புலவர்களின் பெயர் தெரியவில்லை. பாட்டில் வந்த ஒரு தொடரை எடுத்தே அவர்களுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். செம்புலப்பெயனீரார், மீனெறி தூண்டிலார் என்பன அப்படி வந்த பெயர்கள். அங்கே ஆள் மறைந்து வரி பெயராகியது. இங்கே பெயர் நிலைத்து, அதற்குள் பல பெண்கள் மறைந்தார்கள்.

இந்த நூல்கள் நம் கைக்கு வந்ததிலும் பலருடைய உழைப்பு உண்டு. உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிப் புறநானூற்றை 1894இல் பதிப்பித்தார். அவருக்கு முன்னரே நமது யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஆறுமுக நாவலர் ஆத்திசூடிக்கும் கொன்றைவேந்தனுக்கும் உரை எழுதினார். ஏடுகளிலே எழுத்துப் பிழைகளும் சிதைவுகளும் இருந்தன. எது சரியான சொல் என்று பதிப்பாசிரியர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அப்படியானால் நாம் படிக்கும் பாட்டில் அவருடைய கையும் கொஞ்சம் கலந்திருக்கிறது அல்லவா?

படத்துக்கு வருகிறேன். நம்மில் மூத்தவர்கள் பலரின் மனதில் இருக்கும் ஔவையாரின் முகம் கே. பி. சுந்தராம்பாளின் முகம்தான். ஜெமினி நிறுவனத்தின் ‘ஔவையார்’ 1953இல் வந்தது. தயாரித்தவர் எஸ். எஸ். வாசன், இயக்கியவர் கொத்தமங்கலம் சுப்பு. பல ஔவையார்களின் பாட்டுகளையும் செவிவழிக் கதைகளையும் சேர்த்து ஒரே வாழ்க்கையாக்கியது அந்தப் படம். திருமணத்தை விரும்பாத இளம்பெண் விநாயகரிடம் வேண்டி முதுமையைப் பெற்றுக்கொள்ளும் கதையும் அதில் உண்டு.

அதில் நடித்தபோது சுந்தராம்பாளுக்கு வயது நாற்பத்தைந்து அளவில், என் வயதுதான். கொழும்பு நாடக மேடைகளிலும் பாடிப் புகழ்பெற்றவர் அவர். கணவர் எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் இறந்தபோது சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து வயது. அதன் பிறகு வெள்ளைச் சேலையிலேயே வாழ்ந்தார். இளமையிலேயே முதுமையைக் கேட்டு வாங்கிய பெண்ணின் கதையை அவர் பாடும்போது பார்த்தவர்களுக்கு இரண்டு பெண்களும் ஒன்றாகத் தெரிந்திருப்பார்கள். அந்தப் படம் யாருடையது? வாசனுடையதா, சுப்புவுடையதா, சுந்தராம்பாளுடையதா? அடுத்த ஆண்டு, 1954இல், பிரான்சிலே த்ருஃபோ எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து, படத்தின் உண்மையான ஆசிரியர் இயக்குநரே என்ற கொள்கை வளர்ந்தது. நமது பாட்டிமாரிடம் கேட்டிருந்தால் “அது சுந்தராம்பாள் படம்” என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் அத்தோடு நிற்கவில்லை. 1967இல் ரோலான் பார்த் ஆசிரியன் இறந்துவிட்டான் என்று எழுதினார். எழுத்தின் பொருளை எழுதியவரிடம் கேட்கத் தேவையில்லை, வாசிப்பவரிடம்தான் அது உருவாகிறது என்பது அவருடைய வாதம். 1969இல் மிஷேல் ஃபூக்கோ ஆசிரியன் என்பவர் யார் என்பதையே ஓர் உரையின் தலைப்பாக எடுத்துக்கொண்டார். ஒருவர் எழுதிவைத்த சலவைக் கணக்கும் அவருடைய படைப்பில் சேருமா என்று கேட்டார். ஆசிரியர் பெயர் என்பது ஓர் ஆளைச் சுட்டுவதோடு நில்லாமல், எழுத்துகளை ஒன்றாகக் கட்டி வைக்கும் கயிறாகவும் இருக்கிறது என்று விளக்கினார். ஔவையாரை அறிந்த நமக்கு இது விளங்கக் கடினமில்லை.

ஆனால் ஒரு பெண்ணாக எனக்கு இதிலே ஒரு தயக்கம் உண்டு. பெரிய பெயர் பெற்ற ஆண்களின் அதிகாரத்திலிருந்து வாசகரை விடுவிக்க அவர்கள் அப்படிச் சொன்னார்கள். நமது நிலைமை வேறு. ஈழத்துப் பெண் கவிஞர்களின் கவிதைகள் ‘சொல்லாத சேதிகள்’ என்ற ஒரே தொகுப்பில் சேர்ந்து வந்ததே 1986இல்தான். தொகுத்தவர் சித்திரலேகா மௌனகுரு. பெயர் இப்போதுதான் அச்சேறியிருக்கும்போது, பெயர் முக்கியமில்லை என்று சொன்னால் எப்படி?

சரி, பெயரை விடுவோம். ‘நான்’ என்பது என்ன? இந்த நாட்டில் பௌத்த அயலவர்களோடு வாழும் நமக்கு மிலிந்த மன்னனின் கதை தெரிந்திருக்கலாம். நாகசேனர் என்ற துறவி அந்தக் கிரேக்க அரசனிடம், நாகசேனன் என்பது வெறும் வழக்குப் பெயர்தான் என்கிறார். அரசன் திகைக்கிறான். நீர் வந்த தேரில் சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா என்று துறவி கேட்கிறார். எதுவும் தனியே தேர் இல்லை. எல்லாம் சேர்ந்ததற்கு இட்ட பெயரே தேர். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரான ஜோன் லொக் வேறு விதமாகச் சொன்னார். நேற்றைய நானும் இன்றைய நானும் ஒருவரே என்று காட்டுவது நினைவுதான் என்றார்.

எனது தொழிலில் இந்தக் கேள்வி தினமும் வருகிறது. நோயாளி சொல்லும் கதையை எழுதுவதுதான் எங்களுடைய முதல் வேலை. அவர் எதற்காக வந்தார் என்பதை அவருடைய சொற்களிலேயே எழுத வேண்டும் என்று மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். ஆனால் கொழும்பில் ஓர் அம்மா தமிழிலே சொல்கிறார். நாங்கள் ஆங்கிலத்திலே எழுதுகிறோம். “நெஞ்சுக்குள்ள ஏதோ அடைச்ச மாதிரி, மகன் போன நாள்ல இருந்து” என்று அவர் சொன்னது, நெஞ்சு இறுக்கம், இரண்டு மாதம் என்று சுருங்கிவிடுகிறது. மகன் அந்தத் தாளில் இல்லை. அது அவருடைய கதை, எழுதியவள் நான், அவரால் அதை வாசிக்கவே முடியாது. சீ.ஆர். கொப்பி விடயத்தில் பிறருடைய எழுத்துக்கு எனது பெயர் வந்தது. இங்கே பிறருடைய வாழ்க்கைக்கு எனது கையொப்பம் விழுகிறது. இப்போதெல்லாம் எழுதி முடித்ததும் அவர்களுக்குத் தமிழில் சொல்லி, “சரிதானே அம்மா?” என்று கேட்கிறேன். பலமுறை திருத்தியிருக்கிறார்கள்.

இந்த விழாவுக்கு முன்பு, எண்பது வயதைக் கடந்த அந்த டீச்சரை வெள்ளவத்தையில் அவருடைய வீட்டிலே போய்ப் பார்த்தேன். “டீச்சர், அந்தப் பேச்சு நீங்கள் எழுதினது என்று மேடையில் சொல்லப் போகிறேன்” என்றேன்.

“என்ன பிள்ளை, இப்ப ஏன் அதைக் கிண்டுறீர்?” என்று சிரித்தார். பிறகு, “நான் எழுதினது நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தை நீர் அங்க பேசவே இல்லையே! மறந்துபோய்க் கொஞ்ச நேரம் நிண்டீர். பிறகு உம்மட அம்மம்மாவைப் பற்றிச் சொன்னீர். எழுத வாசிக்கத் தெரியாத மனிசி ஆத்திசூடி முழுக்கப் பாடமாக்கி உமக்குச் சொல்லித் தந்ததெண்டு. நான் பின்னால இருந்து அழுதுட்டன்” என்றார்.

எனக்கு அது கொஞ்சமும் நினைவில் இல்லை. அந்த நாளில் எனக்கு நினைவிருந்ததெல்லாம் நான் செய்த களவுதான். நினைவுதான் ‘நான்’ என்றால், அம்மம்மாவைப் பற்றிப் பேசிய அந்தச் சிறுமி நான் இல்லை. ஆனால் அவளை முப்பது ஆண்டுகளாக டீச்சர் தன்னிடம் வைத்திருந்தார். வாசிக்கத் தெரியாத அம்மம்மாவும், பெயர் மறைந்த ஔவையார்களும், டீச்சரும் சேர்ந்துதான் அன்று என் வாயால் பேசியிருக்கிறார்கள்.

தமிழிலே கற்பிப்பவருக்கும் நூல் எழுதுபவருக்கும் ஒரே சொல்தான்: ஆசிரியர். நன்னூலில் பவணந்தி முனிவர் பாயிரத்துக்கு ஒரு விதி சொல்கிறார். நூலைச் செய்தவர் தனக்குத் தானே சிறப்புப் பாயிரம் எழுதக்கூடாது. அவருடைய ஆசிரியர், கூடப் படித்தவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரே அதைச் சொல்லத் தகுந்தவர்கள். நூலைச் செய்தவர் பெயரும், அது எந்த வழியில் வந்தது என்பதும் அதிலே இருக்க வேண்டும். வழிநூல் செய்வது குற்றம் இல்லை. எந்த வழியில் வந்தது என்பதை மறைப்பதுதான் குற்றம். இன்று பிள்ளைகளுக்குக் கணினியே பேச்சு எழுதிக் கொடுக்கிறது. அவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். எங்கிருந்து எடுத்தாய் என்று சொல். மறந்துபோகும் இடத்தில் உன்னுடைய அம்மம்மாவைப் பற்றிச் சொல்.

டீச்சர் தனது பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் அந்தப் பேச்சு எனது எழுத்து அல்ல என்பதை இந்த மேடையில் பதிவு செய்கிறேன்.

அக்காமாரே, தங்கைமாரே, ஒரு வேண்டுகோள். நீங்கள் கனடாவில் இருந்தாலும் அவுஸ்திரேலியாவில் இருந்தாலும் பக்கத்து வீதியில் இருந்தாலும், உங்களுக்காகப் பேச்சோ நாடகமோ வரவேற்புப் பாட்டோ எழுதித் தந்த ஆசிரியை யார் என்று நினைத்துப் பாருங்கள். அவர் இருந்தால் அனுமதி கேளுங்கள். சம்மதித்தால் அவருடைய பெயரையும், அவர் எழுதியது என்ன என்பதையும் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். சான்றிதழ்களில் இல்லாத அந்தப் பெயர்கள் ஒரு பட்டியலாக இந்தப் பாடசாலையில் இருக்கட்டும். அவர்களுக்குப் பாயிரம் எழுத மாணாக்கியராகிய நமக்கு உரிமை உண்டு.