இரண்டாம் அசையைக் கவனியுங்கள்



மருத்துவச் சொற்கள் மிக நெடியவை. அவற்றை நெட்டுருப் போடுவதே வழி என்பர் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹைப்போகிளைசீமியா என்னும் சொல்லை இன்று பிரித்துப் பார்ப்போம். இரத்தத்தில் சர்க்கரை அளவு மிகவும் தாழ்ந்துவிட்ட நிலைக்கு அது பெயர்.

இச்சொல்லின் உறுப்புகள் கிரேக்க மொழியைச் சார்ந்தவை. ஹைப்போ என்பது கீழ்; கிளுக்குஸ் என்பது இனிய; ஹைமா என்பது குருதி; இயா என்பது நிலையைக் குறிக்கும் விகுதி. ஆங்கிலத்திலோ ஹை–போ–கிளை–சீ–மி–யா என ஆறு அசைகளாக ஒலிக்கிறோம். ‘சீ’ என்னும் அசையைப் பாருங்கள். அதன் மெய் இனிப்பைச் சேர்ந்தது. உயிர் குருதியைச் சேர்ந்தது! கிரேக்கத்தின் ககர ஒலி ஆங்கில நாவில் சகரமாயிற்று. பொருளுறுப்பு ஓரிடத்தில் முடிய, அசை வேறிடத்தில் முடிகிறது. செய்யுளில் வகையுளி கண்ட உங்களுக்கு இது புதுமையன்று.

இதற்கு நேர்மாறான நிலை ஹைப்பர்கிளைசீமியா, அதாவது சர்க்கரை மிகுதி. அதற்கும் ஆறே அசைகள். இரு சொற்களிலும் அழுத்தம் ‘சீ’ என்னும் அசையிலேயே விழுகிறது. பொருளை வேறுபடுத்தும் இரண்டாம் அசையோ மெலிந்து ஒலிக்கிறது. ஆகவே, தொலைபேசியிலோ இரைச்சல் மிக்க மருத்துவமனைக் கூடத்திலோ ஒன்று மற்றொன்றாகக் கேட்கக்கூடும். முன்னவருக்கு உடனே சர்க்கரை வேண்டும். பின்னவருக்கு இன்சுலின் வேண்டியிருக்கலாம். சர்க்கரை தாழ்ந்தவருக்கு இன்சுலினைச் செலுத்தினால் உயிருக்கே ஆபத்து. ‘போ’, ‘பர்’ என்னும் அசைகளை நிறுத்தித் தெளிவாகச் சொல்லுமாறு நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நினைவிற் கொள்ள ஓர் எளிய வழி உண்டு. கிரேக்க ஹைப்போவும் வடமொழி உபவும் ஒரு மூலத்தினின்று பிரிந்த உறவுச் சொற்கள். ஹைப்பரும் உபரியும் அவ்வாறே. தலைவருக்கு அடுத்த கீழ்நிலையில் இருப்பவர் உபதலைவர். தேவைக்கு மேல் எஞ்சுவது உபரி. இலத்தீனின் சப், சூப்பர் ஆகியவையும் இக்குடும்பத்தினவே. தமிழில் குறை, மிகை என்போமானால் ஓர் எழுத்துங்கூட ஒத்திராது. காது ஏமாறவும் இடமில்லை.

கிரேக்கத்தில் தெர்மே என்றால் வெப்பம். ஹைப்போதெர்மியா, ஹைப்பர்தெர்மியா என்னும் இரண்டையும் இனி நீங்களே பிரித்துப் பொருள் காணுங்கள்.