நோயாளி பேசும் மொழி: ரஷ்யாவில் மருத்துவம் பயிலும் இந்திய மாணவர்கள்

ரஷ்யாவின் கூர்ஸ்க், ஸ்மோலென்ஸ்க், த்வேர், வோல்கோகிராத், கசான் நகரங்களின் மருத்துவப் பல்கலைக்கழகங்களில் இந்திய மாணவர்கள் ஆயிரக்கணக்கில் படிக்கிறார்கள். படிப்பு ஆறாண்டு. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும் என்று சொல்லித்தான் சேர்க்கை நடக்கிறது. வகுப்பறையைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் மருத்துவப் படிப்பின் பிற்பாதி நடப்பது மருத்துவமனை வார்டில். அங்கே நோயாளியும் செவிலியரும் ரஷ்ய மொழியில் பேசுகிறார்கள், கேஸ் ஷீட்டும் ரஷ்ய மொழியிலேயே எழுதப்படுகிறது. வெளிநாட்டு மருத்துவப் படிப்பில் மொழிச்சிக்கல் என்று பொதுவாகச் சொல்லப்படுவதன் மையம் இந்த இடம்தான். கடையில் ரொட்டி வாங்கத் தடுமாறுவதும் டாக்சிக்காரரிடம் முகவரி சொல்லத் திணறுவதும் சில மாதங்களில் தீர்ந்துவிடும். வார்டில் உள்ள தடை அப்படித் தானாகத் தீர்வதில்லை.

இந்தத் தடை எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1960இல் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. 1961இல் அதற்குக் காங்கோவின் தலைவர் பத்ரீஸ் லுமும்பாவின் பெயர் வைக்கப்பட்டது. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து உதவித்தொகையில் வந்த மாணவர்கள் முதலில் ‘பொத்ஃபாக்’ எனப்பட்ட ஆயத்தப் பிரிவில் ஓராண்டு ரஷ்ய மொழி படித்தார்கள். மருத்துவத்துக்கு வந்தவர்களுக்கு வேதியியல், உயிரியல் சொற்களும் அந்த ஓராண்டிலேயே ரஷ்ய மொழியில் கற்பிக்கப்பட்டன. அதன் பிறகு ரஷ்ய மாணவர்களோடு ஒரே வகுப்பில், ஒரே பாடநூலை வைத்துப் படித்தார்கள். முதலாண்டு கடினமாக இருந்தது உண்மை. ஆனால் வார்டுக்குப் போகும்போது அவர்களுக்கு மொழி தெரிந்திருந்தது.

சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்த பின் பல்கலைக்கழகங்களுக்கு அரசு தந்த நிதி சுருங்கியது. கட்டணம் செலுத்தும் வெளிநாட்டு மாணவர்கள் தேவைப்பட்டார்கள். மொழிக்கென்று ஓராண்டைச் செலவிடக் கட்டணம் கட்டுபவர்கள் விரும்பவில்லை. அந்த ஓராண்டுக்கும் விடுதிச் செலவு, சாப்பாட்டுச் செலவு உண்டல்லவா? 1990களில் ஆங்கில வழிப் பிரிவுகள் ஒவ்வொன்றாகத் தொடங்கின. ஆயத்த ஆண்டு தேவையில்லை என்பதே அவற்றின் முதல் கவர்ச்சி. மொழித்தடை நீங்கிவிட்டதாக அப்போது விளம்பரம் செய்யப்பட்டது. உண்மையில் அது முதலாண்டிலிருந்து மூன்றாமாண்டுக்குத் தள்ளிப்போடப்பட்டது, அவ்வளவே.

ஆங்கில வழிப் பிரிவிலும் ரஷ்ய மொழி ஒரு பாடமாக உண்டு. முதல் சில ஆண்டுகளில் வாரத்துக்குச் சில மணி நேரம் அது கற்பிக்கப்படுகிறது. ரஷ்ய மொழியின் 33 எழுத்துகளை ஓரிரு வாரத்தில் படித்துவிடலாம். ஆனால் அச்செழுத்து வேறு, கையெழுத்து வேறு. அச்சில் தெளிவாகத் தனித்து நிற்கும் பல எழுத்துகள் கூட்டெழுத்தில் ஒரே மாதிரியான வளைகோடுகளாகிவிடும். வார்டில் மாணவர் கண்ணில் படும் மருத்துவர் கையெழுத்தும் அத்தகையதே. இலக்கணத்தில் ஆறு வேற்றுமைகள், மூன்று பால்கள், வினைமுற்றுக்கு முடிந்தது முடியாதது என்ற வேறுபாடு. பெயர்ச்சொல்லின் ஈற்றில் உருபு சேர்ந்து பொருள் மாறுவது எட்டு வேற்றுமை படித்த தமிழ் மாணவருக்குப் புதிதல்ல. ஆங்கிலத்தின் வழியாகவே ரஷ்ய மொழியை அணுகுவதால் அந்த அனுகூலம் பெரும்பாலும் வீணாகிறது. இந்தப் பாடத்தில் தேறினால் போதும் என்ற மனநிலையே மாணவரிடையே பரவலாக உள்ளது. உடற்கூறியலும் உயிர்வேதியியலும் கழுத்தை நெரிக்கும்போது மொழிப்பாடம் பின்னுக்குப் போவது இயல்பே.

மூன்றாமாண்டில் காட்சி மாறுகிறது. பத்துப் பதினைந்து மாணவர்கள் ஒரு கட்டிலைச் சூழ்ந்து நிற்கிறார்கள். ஆசிரியர் நோயாளியிடம் கேட்கிறார். நோயாளி பேசத் தொடங்குகிறார்: வலி எப்போது வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், முதலில் பக்கத்து வீட்டுக்காரி என்ன மாத்திரை கொடுத்தார், ராத்திரி ஏன் தூக்கம் வரவில்லை, போன குளிர்காலத்தில் இதேபோல் வந்து எப்படிச் சரியானது. ஐந்து நிமிடம் அவர் பேசியதை ஆசிரியர் மாணவர்கள் பக்கம் திரும்பி, மூன்று நாளாக நெஞ்சுவலி, இரத்த அழுத்தம் உண்டு என்று ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியமாக்கிவிடுகிறார். மாணவர்கள் குறித்துக்கொள்கிறார்கள். அவர்கள் பெற்றது ஆசிரியர் வடிகட்டிய சாரம் மட்டுமே. எதை விட வேண்டும், எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எந்த இடத்தில் மறுகேள்வி கேட்க வேண்டும் என்ற வித்தை அந்த மொழிபெயர்ப்பிலேயே மறைந்துவிடுகிறது. கற்க வேண்டியது அதைத்தான்.

இது சிறிய இழப்பல்ல. பிரிட்டனில் ஹாம்ப்டனும் உடன் பணியாற்றியவர்களும் 1975இல் வெளியிட்ட ஆய்வில் 80 புறநோயாளிகளைப் பார்த்தார்கள். அவர்களில் 66 பேருக்கு, நோய் வரலாற்றை அறிந்தவுடன் மருத்துவர் கொண்ட முடிவே கடைசிவரை சரியாக நின்றது. உடற்பரிசோதனையும் ஆய்வகச் சோதனையும் முடிவை மாற்றியது மிகச் சிலரிடம்தான். ஸ்கேன் கருவிகள் பெருகிய பிறகும் அடிப்படை மாறவில்லை. எந்த ஸ்கேன் எடுப்பது என்று முடிவு செய்யவே நோயாளி சொல்வதைக் கேட்டாக வேண்டும்.

நெஞ்சுவலியையே எடுத்துக்கொள்ளலாம். ரஷ்ய நோயாளி ‘தாவித்’ என்று சொல்லி நடுநெஞ்சில் உள்ளங்கையை வைத்தால் ஏதோ அழுத்துகிறது என்று பொருள். மருத்துவர் உடனே இதயக்குழாய் அடைப்பை நினைக்கிறார். ‘கோலெத்’ என்று ஒரு விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினால் குத்துகிறது என்று பொருள். தசையோ நரம்போ நுரையீரல் உறையோ காரணமாக இருக்கலாம். ‘ழ்ஷோத்’ எரிச்சல், ‘நோயெத்’ மந்தமாக நச்சரிக்கும் வலி. தமிழில் கடுக்குது, சுருக்குங்குது, விண்விண்ணுன்னு தெறிக்குது, பிசையுது என்று நோயாளி சொல்லும்போது மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள மருத்துவர் எவ்வளவு புரிந்துகொள்கிறாரோ, அவ்வளவும் அந்த வினைச்சொற்களில் உண்டு. எல்லாவற்றையும் வெறும் வலி என்று கேட்டுக்கொள்ளும் மாணவரின் காதில் நோய்க்குறி விழவே இல்லை.

அடுத்தது மருந்து. ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்விக்கு வயதான ரஷ்யப் பெண்மணி கொர்வலோல், வலிதோல், நோ-ஷ்பா என்று அடுக்குவார். இவை மாணவர் கையில் உள்ள ஆங்கிலப் பாடநூலில் இல்லாத பெயர்கள். நோ-ஷ்பா என்பது ட்ரோட்டாவெரின் என்று தெரிந்தால் சிக்கல் இல்லை. கொர்வலோல் சொட்டு மருந்தில் ஃபீனோபார்பிட்டால் இருக்கிறது. படபடப்புக்கு என்று அதை ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அது தெரியாத மாணவருக்கு அந்த மூதாட்டியின் மயக்கநிலையும் தள்ளாட்டமும் காரணமில்லாதவையாகத் தோன்றும்.

சுருக்கக் குறியீடுகளில் இதைவிட ஆபத்தான பொறி ஒன்று உண்டு. ரஷ்யக் கேஸ் ஷீட்டில் ஆங்கில ஐ, பி, எஸ் எழுத்துகளுக்கு இணையான மூன்று எழுத்துகள் இதயத் தசைக்கு இரத்தம் குறையும் நோயைக் குறிக்கின்றன. ஆங்கிலத்தில் படித்த மாணவருக்கு ஐபிஎஸ் என்றால் குடல் எரிச்சல் நோய்! நோய்களுக்கும் அறிகுறிகளுக்கும் ஆட்பெயர் வைக்கும் மரபும் ரஷ்யாவில் தனி. வயிற்றை அழுத்தி விடும்போது வலி கூடுவதை ஷ்சோத்கின்–ப்ளூம்பெர்க் அறிகுறி என்பார்கள். சிறுநீரகப் பகுதியில் தட்டினால் வலிப்பது பாஸ்தெர்நாத்ஸ்கி அறிகுறி. மஞ்சள்காமாலையில் ஹெபடைட்டிஸ் ஏ-யைப் பொத்கின் நோய் என்று பழைய தலைமுறை சொல்லும். ரஷ்ய மருத்துவம் தன் முன்னோடிகளுக்குச் செய்யும் மரியாதை இது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தியாவுக்குத் திரும்பி எழுத வேண்டிய தேர்வில் இந்தப் பெயர்கள் வருவதில்லை. ஆகவே மாணவர் ஒரே அறிகுறிக்கு இரண்டு பெயர்களை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நோயாளியிடம் காட்டும் மரியாதை தனி விஷயம். ரஷ்யாவில் பெரியவரை வெறும் பெயர் சொல்லி அழைப்பது வழக்கமில்லை. பெயரோடு தந்தைவழிப் பெயரையும் சேர்த்து, மரியா இவானொவ்னா என்பதுபோல் அழைக்க வேண்டும்; வினைமுற்றும் பன்மையில் வர வேண்டும். ஒருமையில் பேசினால் எழுபது வயது நோயாளி முகத்தைத் திருப்பிக்கொள்வார். நீ, நீங்கள் வேறுபாட்டோடு வளர்ந்த தமிழ் மாணவருக்கு இது ஒரு நொடியில் புரிந்துவிடும். யாரேனும் எடுத்துச் சொன்னால் போதும். மனநல மருத்துவத்தில் நிலைமை இன்னும் கடினம். அங்கே நோயாளியின் பேச்சே பரிசோதனைப் பொருள். எண்ணங்கள் தொடர்பறுகின்றனவா, பேச்சு வேகமெடுக்கிறதா, இல்லாத குரல் கேட்கிறதா என்பதை மொழிபெயர்ப்பாளர் வழியாக அறிவது ஏறக்குறைய இயலாத காரியம். பக்கவாத நோயாளியின் பேச்சிழப்பும் அப்படியே.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான், சிறு மாறுதல்களோடு. கிர்கிஸ்தானில் அரசு மொழி கிர்கிஸ், அலுவல் மொழி ரஷ்யன். பிஷ்கெக்கில் ரஷ்ய மொழி கைகொடுக்கும், கிராமத்திலிருந்து வரும் நோயாளியிடம் போதாது. ஜார்ஜியாவில் எழுத்தும் வேறு, மொழிக்குடும்பமும் வேறு. 2022இல் போர் வெடித்து உக்ரைனைவிட்டு வெளியேறிய இந்திய மாணவர்களில் சிலர் ஜார்ஜியாவுக்கு மாறியபோது, பாதி கற்ற மொழியைக் கைவிட்டு இன்னொன்றைத் தொடக்கத்திலிருந்து கற்க நேர்ந்தது. பிலிப்பைன்சில் பாடமும் மருத்துவக் குறிப்பும் ஆங்கிலம் என்பதால் சுமை குறைவு. ஆனாலும் தாவாவோ நகர நோயாளி பேசுவது செபுவானோ. சீனாவில் பல பல்கலைக்கழகங்கள் எச்எஸ்கே என்னும் சீன மொழித் தேர்வில் நான்காம் நிலைத் தேர்ச்சியைக் கேட்கின்றன. அந்த நிலைக்குப் பழைய பாடத்திட்டம் வகுத்தது 1,200 சொற்கள். அதை வைத்துப் பயணச்சீட்டு வாங்கலாம். மூச்சுத்திணறலை விசாரிப்பது கடினம்.

தமிழ்நாட்டிலிருந்து போகும் மாணவருக்குச் சுமை இன்னொரு அடுக்கு கூடுகிறது. பள்ளியில் தமிழ்வழி படித்தவருக்கு ஆங்கிலமே இரண்டாம் மொழி. விடுதியில் வடமாநில மாணவர்கள் மிகுதி என்றால் அங்கே புழங்குவது இந்தி. நாடு திரும்பியபின் எழுதும் தகுதித் தேர்வுக்கான இணையவழிப் பயிற்சி வகுப்புகள் பலவும் இந்தி கலந்த ஆங்கிலத்தில் நடக்கின்றன. 2002 முதல் நடைபெறும் அந்தத் தேர்வில் 300 கேள்விகள். 150 எடுத்தால் தேர்ச்சி. எழுதுவோரில் தேறுகிறவர்கள் சிறுபான்மையினரே. இதற்கு மொழி ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. நுழைவுத் தரமும் கற்பிக்கும் தரமும் காரணங்கள். எனினும் நோயாளியோடு பேசாமலே மூன்றாண்டு வார்டில் நின்றவர், நோயாளியின் கதையைச் சொல்லி நோயைக் கேட்கும் வினாக்களில் தடுமாறுவது வியப்பல்ல.

இந்திய விதிகள் இதில் அரைகுறையாகவே நிற்கின்றன. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட ஒழுங்குமுறை, வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், ஆங்கில வழியில் இருக்க வேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாத உள்ளுறைப் பயிற்சி முடிக்க வேண்டும் என்கிறது. படித்த நாட்டின் குடிமகனுக்கு நிகராக அங்கே தொழில் செய்யும் தகுதி பெற வேண்டும் என்றும் கேட்கிறது. அந்தத் தகுதியை உள்ளூர் மொழி தெரியாமல் ரஷ்யாவில் பெறுவது எப்படி? ஆங்கிலத்தில் படி என்று ஒரு விதியும், அந்த நாட்டு மருத்துவராகும் அளவுக்குத் தேறு என்று இன்னொரு விதியும் சொல்கின்றன. நடுவில் உள்ள மொழிப் பயிற்சியைப் பற்றி நேரடியான நிபந்தனை இல்லை.

தடையை மறைக்காமல் வாசலிலேயே வைத்த நாடுகள் உண்டு. ஜெர்மனியில் வெளிநாட்டு மருத்துவர் உரிமம் பெற ஒரு மணி நேர மருத்துவ மொழித் தேர்வு எழுத வேண்டும்: 20 நிமிடம் நோயாளியாக நடிப்பவரிடம் விசாரணை, 20 நிமிடம் அதை மருத்துவக் கடிதமாக எழுதுதல், 20 நிமிடம் மூத்த மருத்துவரிடம் எடுத்துரைத்தல். வார்டில் நடக்கும் வேலையைத்தான் இந்தத் தேர்வும் கேட்கிறது. கியூபாவில் 1999இல் ஹவானாவில் தொடங்கிய லத்தீன் அமெரிக்க மருத்துவப் பள்ளி, ஸ்பானிஷ் அறியாத மாணவர்களுக்கு முதலில் மொழியைக் கற்பித்த பிறகே மருத்துவம் கற்பிக்கிறது. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் எதிர்த்திசையிலிருந்து இதே முடிவுக்கு வந்தவர். அவர் தமிழைக் கற்றார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், பின்னாளில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்.

ஆயத்த ஆண்டு ரஷ்யப் பல்கலைக்கழகங்களிலிருந்து அடியோடு மறைந்துவிடவில்லை. ரஷ்ய வழியில் படிக்க வருபவர்களுக்கு இன்றும் உண்டு. ஆங்கில வழி மாணவர்களுக்கும் மூன்றாமாண்டுக்கு முன் ஒரு முழுப் பருவம் மருத்துவ ரஷ்ய மொழிக்கென ஒதுக்கி, நடிப்பு நோயாளியை வைத்துத் தேர்வு நடத்தினால் பெரும்பகுதி சரியாகிவிடும். அது வரும்வரை மாணவரும் பெற்றோரும் சேர்க்கை முகவரிடம் கட்டணத்தையும் விடுதிச் சாப்பாட்டையும் விசாரிப்பதோடு நிறுத்த வேண்டாம். மொழி வகுப்பு எத்தனை மணி நேரம், வார்டில் மாணவரே நோயாளியிடம் பேசுகிறாரா, கேஸ் ஷீட்டை எந்த மொழியில் எழுத வைக்கிறார்கள் என்று, அங்கே நான்காமாண்டு படித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் நேரில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.