இறுதி நாள்களின் செலவு: எது கடமை, எது கட்டாயமல்ல?

(நவம்பர் மாத வானொலி மறையுரை)



நவம்பர் மாதத்தில் கல்லறைகளை மந்திரிக்கிறோம், இறந்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம், நன்மரணத்துக்காகப் புனித சூசையப்பரிடம் வேண்டுகிறோம். ஆனால் மரணத்துக்கு முந்தைய வாரங்களில் வீட்டுக்குள் நடக்கும் ஒரு பேச்சைக் கோயில் வாசலிலேயே விட்டுவிடுகிறோம். அது பணத்தைப் பற்றிய பேச்சு. இன்று அதைப் பற்றியே சிந்திப்போம்.

சோமனூர், கருமத்தம்பட்டிப் பக்கத்தில் கூலிக்குத் தறி ஓட்டும் குடும்பங்கள் குருக்களிடம் கேட்கும் கேள்வி இப்படி இருக்கும்: “ஃபாதருங்க, அப்பனுக்கு இனி தேறாதுன்னு டாக்டரே சொல்லிட்டாருங்க. ஆனா வெண்டிலேட்டர்ல வெச்சுப் பார்க்கறதுன்னா பார்க்கலாங்கறாங்க. தறிய வித்துத்தானுங்க கட்டோணும். வேண்டாம்னு சொன்னா பாவமுங்களா?” கேட்பவரின் கண்ணில் இரண்டு பயம் தெரியும். ஒன்று கடவுளைப் பற்றியது. மற்றொன்று, ‘பணத்துக்காக அப்பனைக் கைவிட்டான்’ என்று ஊர் பேசுமே என்பது.

மாற்கு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கால் துன்பப்பட்ட பெண்ணைப் பார்க்கிறோம். மருத்துவர் பலரிடம் போனார். கையிருப்பு முழுவதும் கரைந்தது. நோயோ இன்னும் முற்றியது. நற்செய்தியாளர் அந்தச் செலவை மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆண்டவர் அவரைக் குறை சொல்லவில்லை. மகளே என்று அழைத்தார். சீராக் ஞானநூல் 38ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. ஆகவே மருத்துவம் கடவுளின் கொடை. குணமாகும் வாய்ப்பு இருக்கும்போது அதைத் தேடுவது நம் கடமை.

குணமாகும் வாய்ப்பு இல்லாதபோது? 1957 நவம்பர் 24 அன்று மயக்க மருந்து மருத்துவர்களிடம் பேசிய திருத்தந்தை 12ஆம் பயஸ், சாதாரண வழிகளைக் கையாளத்தான் நாம் கடமைப்பட்டவர்கள் என்று விளக்கினார். 1980இல் வெளிவந்த கருணைக்கொலை பற்றிய திருச்சபையின் அறிக்கை இன்னும் தெளிவானது. பெரும் சுமையான ஒரு சிகிச்சையை மறுப்பது தற்கொலைக்குச் சமம் ஆகாது. குடும்பத்தின்மீது அளவுமீறிய செலவைச் சுமத்த வேண்டாம் என்று நோயாளி எண்ணுவதும் அதற்கு ஏற்கத்தக்க ஒரு காரணமே என்கிறது. திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2278ஆம் எண்ணிலும் இதே வழியைக் காண்கிறோம்: மரணத்தைத் தடுக்க இயலாது என்று ஏற்றுக்கொள்வது வேறு, மரணத்தை வருவிப்பது வேறு.

புனித இரண்டாம் யோவான் பவுலை நினைத்துப் பாருங்கள். 2005 மார்ச் மாத இறுதியில் அவர் நிலை மோசமானபோது, மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படவில்லை. ஏப்ரல் 2 அன்று, தம் அறையிலேயே, செபிக்கும் மக்கள் சூழ உயிர் துறந்தார். அவரை யாரும் கைவிட்டதாக நாம் சொல்வதில்லையே!

ஆனால் இதைக் கேட்டு யாரும் தவறான பாதையில் போய்விடக் கூடாது. செலவு மிச்சம் என்று பெரியவர்களுக்குக் கஞ்சியும் தண்ணீரும் மருந்தும் நிறுத்துவது கொலை. நம் மாநிலத்தின் தென்பகுதியில் தலைக்கூத்தல் என்ற பெயரில் முதியவர்களை எண்ணெய்க் குளியலால் சாகடித்த கொடுமையைச் செய்தித்தாள்களில் படித்திருக்கிறோம். கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைக் கவனிக்காதவர்களையே ஆண்டவர் கடிந்துகொண்டார் என்றால், சொத்துக்காகக் கவனிக்காதவர்களை என்ன சொல்வார்? சிகிச்சை பாரமாக இருக்கலாம். அப்பாவோ அம்மாவோ ஒருபோதும் பாரம் இல்லை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

மீதிக் குழப்பம் முன்கூட்டியே கணக்குப் பார்க்காததால் வருவது. கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பது ஆண்டவர் சொன்ன உவமைதான் (லூக்கா 14). காப்பீடு என்பதும் அப்படிப்பட்ட கணக்கே. ஓர் எடுத்துக்காட்டு: 1,000 பேரில் ஆண்டுக்கு 10 பேருக்குத் தலா 3 லட்சம் செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 லட்சம். ஆளுக்கு 3,000 ரூபாய் போட்டால் போதும். அதே 1,000 பேரும் முதியவர்களாகி, 100 பேர் படுத்துவிட்டால் ஆளுக்கு 30,000 ஆகிவிடும். வயதானபின் பிரீமியம் ஏறுவது இதனால்தான். இளமையிலேயே சேர வேண்டும் என்பதும் இதனால்தான்.

இந்தக் கணக்கின் தொடக்கத்தில் ஒரு கோயில் பதிவேடு இருக்கிறது. 1693இல், வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலி, எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று அட்டவணை போட்டார். அதற்குப் பிரெஸ்லாவ் நகரின் பிறப்பு இறப்புக் கணக்குகளைத் திரட்டித் தந்தவர் காஸ்பர் நியூமன் என்ற லூத்தரன் போதகர். இறந்தோரின் பதிவேடு, உயிரோடு இருப்பவர்கள் ஒருவர் சுமையை ஒருவர் தாங்க உதவியது.

ஆகவே சில காரியங்களை இந்த மாதமே செய்யுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்; தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உதவி உண்டு. 70 வயது கடந்தவர்களுக்கு வருமான வரம்பு பாராமல் காப்பீடு தரும் திட்டத்தை மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது; அதில் சேரும் வழியை விசாரியுங்கள். ஆனால் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். வீட்டில் பார்த்துக்கொள்ளும் ஆளின் கூலிக்கும், நின்றுபோகும் தறிக்கும் தராது. அதற்கென்று தனியாகச் சிறிது சேர்த்து வையுங்கள்.

அடுத்து, நினைவு தெளிவாக இருக்கும்போதே உங்கள் விருப்பத்தைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எழுதியும் வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 தீர்ப்பில் இதை அனுமதித்து, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று பெற்றால் போதும். அதில் உணவும் தண்ணீரும் வலிநிவாரணமும் நற்கருணையும் நோயில்பூசுதலும் வேண்டும் என்று எழுதுங்கள். பயனற்ற இயந்திரங்கள் வேண்டாம் என்றும் எழுதலாம். ‘அப்பாவே சொல்லியிருக்கிறார்’ என்ற ஒரு வார்த்தை பிள்ளைகளை ஆயுள் முழுவதும் குற்ற உணர்விலிருந்து காப்பாற்றும்.

மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: இந்தச் சிகிச்சையால் குணமாகுமா, அல்லது சாவு தள்ளிப்போகுமா மட்டுமா? வலி குறையுமா? வீட்டில் வைத்துப் பார்க்க வழி உண்டா? வலி தணிப்புச் சிகிச்சை உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர் வீட்டுக்கே வருகிறார்கள். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி, அக்கம்பக்கத்தார் போடும் சிறு காசுகளாலும் தொண்டர்களாலும் ஊர் ஊராகப் பரவியது. நம் அன்பியங்களால் அது முடியாதா? ஒருவர் இரவில் துணைக்குப் படுக்கலாம். ஒருவர் கஞ்சி கொண்டுபோகலாம். வின்சென்ட் தே பவுல் சபையினர் மருந்துச் செலவில் பங்கெடுக்கலாம். நல்ல சமாரியர் காயத்தைக் கட்டியதோடு நிற்காமல் இரண்டு தெனாரியமும் கொடுத்து, மேலே ஆகும் செலவுக்கும் பொறுப்பேற்றார் அல்லவா?

அந்தத் தறிக்காரருக்கு நம் பதில் இதுதான்: ஐயா, பாவமில்லை. தறியை விற்க வேண்டாம். அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குருவானவரை அழையுங்கள், வழியுணவாக நற்கருணை கொடுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு செபமாலை சொல்லுங்கள். ஊர் என்ன சொன்னாலும், பங்குக் குடும்பம் உங்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்.

செபிப்போமாக. சிலுவையில் தொங்கியபோதும் உம் தாய்க்கு ஓர் இல்லம் தேடித் தந்த ஆண்டவரே, எங்கள் வீடுகளில் படுக்கையில் இருப்போரைக் கண்ணோக்கும். அவர்களைக் கவனிப்போருக்கு ஞானமும் பொறுமையும் தாரும். கடனால் கலங்குவோருக்குத் துணைவரை அனுப்பும். ஆமென்.