வேன் இரைச்சலும் செவியின் நலமும்



மாலை நேரம். வீட்டின் தகரக் கூரைமேல் மழை கொட்டுகிறது. அடுப்படியிலிருந்து அம்மா ஏதோ சொல்கிறார். வாசலில் இருக்கும் அப்பா, "என்ன?" என்று கேட்கிறார். அம்மா மீண்டும் சொல்கிறார். அப்பா மீண்டும், "என்ன?" என்கிறார். இந்தக் காட்சியைக் காணாத தோட்டத்துக் குடும்பம் நம்மிடையே இருக்க முடியாது. மழைத்துளி மிகச் சிறியது. ஆனால் அது எழுப்பும் ஓசை பெரிது. காரணம், மெல்லிய தகரமும் அந்தத் துளியோடு சேர்ந்து அதிர்கிறது. கூரையின் ஒரு பகுதியில் நனைந்த கோணிச் சாக்கை விரித்துப் போட்டால் அந்த இடத்தில் மட்டும் ஓசை அடங்கிவிடும்.

அதே மெல்லிய தகட்டைச் சுவராகவும் தரையாகவும் கூரையாகவும் வைத்து, உள்ளே ஓர் எஞ்சினைப் பொருத்தி, நான்கு சக்கரங்களைப் பூட்டினால் அதுதான் வேன். அதற்குள் இரைச்சல் இருப்பதில் என்ன வியப்பு? அந்த இரைச்சலை எப்படி அடக்கலாம், ஏன் அடக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

"வண்டி ஓடினால் சரி, சத்தம் இருந்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். நமக்குத் தெரிந்த ஒரு வேன் ஓட்டுநரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பல ஆண்டுகள் தோட்டத்தில் புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டி உழைத்தவர். தோட்டம் கைமாறிக் குடும்பங்கள் பல திசைகளில் குடியேறிய பிறகு, ஒரு பழைய வேனை வாங்கித் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லத் தொடங்கினார். ஒருநாள் காலை, செம்மண் சாலையில் வேன் குலுங்கியபோது பக்கக் கதவு சற்றே திறந்துகொண்டது. பின்னால் இருந்த பிள்ளைகள், "மாமா! கதவு! கதவு!" என்று கத்தினார்கள். அவருக்குக் கேட்கவில்லை. வழக்கம்போல் பிள்ளைகள் கூச்சல் போடுகிறார்கள் என்றே நினைத்தார். ஒரு பெரிய பெண்பிள்ளை எழுந்து வந்து அவர் தோளைத் தட்டிய பிறகுதான் வண்டியை நிறுத்தினார். கதவோரத்தில் ஒன்றாம் ஆண்டுச் சிறுவன் ஒருவன் இருக்கைக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். நல்லவேளை, எவருக்கும் ஒன்றும் நேரவில்லை.

அன்று மாலை அவர் நம்மிடம், "ஐயா, கதவுப் பூட்டை மாத்திட்டேன். ஆனா அந்தப் பிள்ளைங்க கத்தினது எனக்குக் கேக்கலையே, அதை எப்படி மாத்துறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயன்தான் இந்த உரை.

முதலில், ஓசை எவ்வாறு நம்மை வந்தடைகிறது என்பதைப் பார்ப்போம். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காற்றின் வழி. கதவு இடுக்கு, ஓட்டை, கிழிந்த ரப்பர் ஆகியவற்றின் வழியாக ஓசை நேரே நுழைகிறது. மற்றொன்று, உடம்பின் வழி. எஞ்சினும் சக்கரமும் வண்டியின் தகட்டை அதிரச் செய்கின்றன. அந்தத் தகடு தப்புத் தோலைப்போல் முழங்குகிறது. காற்றின் வழி வருவதைத் தடுக்க வேண்டும். தகட்டின் வழி வருவதை அடக்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. இதை அறியாமல் கண்டதை வாங்கி ஒட்டுகிறவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள்.

கோயிலில் பூசைத் தாம்பாளத்தைத் தட்டினால் நீண்ட நேரம் ஒலிக்கிறது. உடனே விரலை அதன் விளிம்பில் வைத்தால் ஒலி நின்றுவிடுகிறது. அதிர்வை விரல் விழுங்கிக்கொள்கிறது. வேனின் தகட்டிலும் இப்படி ஒரு விரலை நிரந்தரமாக வைத்துவிட முடியும். அதற்காகவே கடைகளில் அதிர்வடக்கும் பாய் விற்கிறார்கள். ஒரு பக்கம் மெல்லிய அலுமினியத் தாள். மறு பக்கம் பிசுபிசுப்பான பியூட்டைல் ரப்பர். தகடு வளைந்து நெளியும்போது, தகட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே அந்த ரப்பர் கசங்குகிறது. கசங்கும்போது அதிர்வின் ஆற்றல் சிறிது வெப்பமாக மாறிப் போய்விடுகிறது. ஓசை பிறக்கும் முன்பே அடங்கிவிடுகிறது.

ரப்பர் என்றதும் நம் மக்களுக்கு ஒரு கேள்வி எழும்: "நாம் வெட்டிய பாலில் செய்த ரப்பரா அது?" இல்லை. பியூட்டைல் ரப்பர், 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெட்ரோலியப் பொருளிலிருந்து உருவாக்கப்பட்ட செயற்கை ரப்பர். நம் மரத்துப் பாலில் செய்த பந்தைத் தரையில் போட்டால் துள்ளி எழும். வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுப்பது அதன் குணம். பியூட்டைல் பந்தோ அவ்வளவாகத் துள்ளாது. வாங்கியதைத் தன்னுள்ளேயே செரித்துக்கொள்ளும். அதனால்தான் தகட்டில் ஒட்டுவதற்கு அது ஏற்றது. ஆனால் எஞ்சினைத் தாங்கி நிற்கும் ரப்பர்க் கட்டைகளுக்கு இன்றும் இயற்கை ரப்பர் பெரிதும் பயன்படுகிறது. 2014இல் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாவது பாலம், நிலநடுக்க அதிர்வைத் தாங்க, தனிப் பக்குவம் செய்யப்பட்ட இயற்கை ரப்பர்த் தாங்கிகளின்மேல்தான் நிற்கிறது. பால் வெட்டிய கைகளுக்கு இது பெருமையல்லவா?

இனி வேலைக்கு வருவோம். பாயை வாங்க ஓடுவதற்கு முன், ஓசை பிறக்கும் இடத்தைச் சரி செய்ய வேண்டும். சைலன்சரில் ஓட்டை இருக்கிறதா? எஞ்சினைத் தாங்கும் ரப்பர் வெடித்திருக்கிறதா? கதவு ரப்பர் தேய்ந்திருக்கிறதா? எந்தத் திருகாணி தளர்ந்திருக்கிறது? இவற்றுக்கு ஆகும் செலவு குறைவு; பலன் அதிகம். அதிலும், புகைக்குழாய் ஓட்டையைப் பாய் ஒட்டி மறைக்க நினைப்பது ஆபத்தான அறியாமை. அந்த ஓட்டை வழியாக வருவது ஓசை மட்டுமன்று. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக் காற்றும் வரும். முன் இருக்கைக்குக் கீழே எஞ்சின் உள்ள வேன்களில், எஞ்சின் மூடியைச் சுற்றியுள்ள ரப்பரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வெப்பம், ஓசை, புகை ஆகிய மூன்றும் நுழையும் வாசல் அது.

இவை முடிந்த பிறகு, விரல் முட்டியால் வண்டியின் தகட்டைத் தட்டிக்கொண்டே வாருங்கள். "டங்" என்று ஒலித்தால் அந்த இடத்துக்குப் பாய் தேவை. "தொம்" என்று அடங்கினால் தேவையில்லை. அகலமான தட்டைப் பகுதிகளும் சக்கரங்களின் மேல் வளைவுகளும்தான் பெரும்பாலும் ஒலிக்கும். ஓர் அங்குலம்கூட விடாமல் ஒட்ட வேண்டும் என்பது விற்பவரின் ஆசை. நமக்கு அது அவசியமில்லை. ஒலிக்கும் தகட்டின் நடுவில், அதன் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஒட்டினாலே பெரும்பகுதி அதிர்வு அடங்கும். 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள பாய், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ எடை இருக்கும். ஐந்து சதுர மீட்டர் ஒட்டினால் 15 கிலோ. ஒரு சிறு பிள்ளையின் எடை அளவுதான்.

ஒட்டும் முறை இது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். இருக்கைகளையும் தரை விரிப்பையும் பக்க அட்டைகளையும் எடுத்து, திருகாணிகளைத் தனித்தனி டின்னில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். தகட்டைக் கழுவிக் காயவிடுங்கள். துரு இருந்தால் உப்புத்தாள் கொண்டு தேய்த்து, துருத் தடுப்புச் சாயம் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகே மேலே செல்லுங்கள். துருவின்மேல் ஒட்டிய பாய், புண்ணைக் கழுவாமல் கட்டிய கட்டுக்குச் சமம். இறுதியாக ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் கூடாது, அதன் எண்ணெய்ப் பசை நின்று பாய் ஒட்டாமல் போகும்.

பாயை அளவாக வெட்டிக்கொள்ளுங்கள். அலுமினிய விளிம்பு கத்திபோல் கையைக் கிழிக்கும். ஆகவே கையுறை அவசியம். பின்தாளைச் சிறிது சிறிதாக உரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே ஒட்டுங்கள். பிறகு சிறிய உருளை ஒன்றால் பலமாக உருட்ட வேண்டும். பாயின்மேல் புடைப்புக் கோலம் இருந்தால், அது தட்டையாகும்வரை உருட்டுவது நல்ல அடையாளம். உள்ளே காற்றுக் குமிழி நின்றால் அந்த இடத்தில் பாய் வேலை செய்யாது, ஈரமும் தங்கும்.

செய்யக் கூடாதவற்றையும் கேளுங்கள். கதவின் அடியில் சிறு துளைகள் உண்டு. கண்ணாடி இடுக்கின் வழியாக இறங்கும் மழைநீர் வெளியேறும் வழி அது. அதை அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடித்துப் போகும். கண்ணாடி ஏறி இறங்கும் பாதையிலும், இருக்கைத் திருகாணி, இருக்கை வார் ஆகியவை பூட்டும் இடங்களிலும் பாய் வரக் கூடாது. விலை குறைவு என்று தார்ப் பாயைக் கூரையில் ஒட்டாதீர்கள்; நம் நாட்டு வெயிலில் இளகித் தொங்கும். எஞ்சின் அருகில் வெப்பம் தாங்கும் பொருளையே பயன்படுத்த வேண்டும். முட்டை அட்டை, பழைய மெத்தைப் பஞ்சு, வெள்ளைப் பெட்டி நுரை ஆகியவற்றைத் திணிப்பாரும் உண்டு. அவை ஓசையைத் தடுக்கா. ஈரத்தைக் குடிக்கும் அல்லது எளிதில் தீப்பற்றும். பிள்ளைகள் உட்காரும் இடத்தில் அவற்றுக்கு வேலையே இல்லை.

கையில் இன்னும் சிறிது பணம் இருந்தால், தரைப் பாயின்மேல் நீர் குடிக்காத ஸ்பாஞ்சு ஒன்றை விரித்து, அதன்மேல் கனமான வினைல் விரிப்பைப் போடலாம். காற்றின் வழி வரும் ஓசையைத் தடுப்பது கனம்தான். ஆனால் தடுப்பில் இடைவெளி விட்டால் பயன் போய்விடும். வீட்டுக் கதவை மூடிச் சன்னலைத் திறந்து வைத்ததுபோல் ஆகும். வேலை முடிந்ததும் இருக்கைகளையும் வார்களையும் முறைப்படி இறுக்கிப் பூட்ட வேண்டும். அதில் சந்தேகம் இருந்தால் பட்டறைக்காரரிடம் காட்டிவிடுங்கள்.

நேயர்களே, வண்டியின் ஓசையை அடக்கலாம். ஆனால் கெட்டுப்போன செவியைத் திருப்பி வாங்க முடியாது. நம் உட்செவியில் ஆயிரக்கணக்கான நுண்மயிர் அணுக்கள் இருக்கின்றன. ஓசையை உணர்ந்து மூளைக்கு அனுப்புபவை அவையே. பெரும் இரைச்சலில் நாள்தோறும் அடிபட்டால் அவை மடிகின்றன. மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் போவது மெல்லிய, கூர்மையான ஓசைகள். "சட்டை" என்பது "தட்டை" என்று கேட்கும். காது கேட்கிறது, பேச்சுப் புரியவில்லை. வீட்டார், "கவனமே இல்லை" என்று கோபிப்பார்கள். அது கவனக் குறைவன்று, செவிக் குறைவு.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடப்புக்கு வந்த இரைச்சல் விதிகளின்படி, வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதே எல்லை. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. 88 என்றால் நான்கு மணி. 91 என்றால் இரண்டு மணி. புல்வெட்டும் இயந்திரத்தின் இரைச்சல் அதை இயக்குபவரின் செவியருகே 95ஐத் தாண்டுவது சாதாரணம். அங்கே எல்லை ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. எனவே செவிக்காப்பைக் கேட்டுப் பெறுவது தொழிலாளியின் உரிமை. அதை அணிவது அவரது கடமை. வேலையிடத்து இரைச்சலால் செவி பாதிக்கப்பட்டவர்கள் சொக்சோவிடம் தொழில்நோய்க்கான இழப்பீடு கோரவும் வழி உண்டு. பிள்ளைகளுக்கோ இன்னும் எச்சரிக்கை வேண்டும். வாரம் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

நம் வேன் ஓட்டுநர் என்ன செய்தார்? இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், தம் மருமகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேலையை முடித்தார். பல ஆண்டுகளாகக் கடகடத்துக்கொண்டிருந்த ஓசை, பின் இருக்கையின் அடியில் தளர்ந்திருந்த ஒரு திருகாணியால் வந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்கு ஒரு காசும் செலவாகவில்லை. பிறகு மருத்துவமனைக்குப் போய்ச் செவியையும் சோதித்துக்கொண்டார். வண்டி செய்த கெடுதலைவிடப் புல்வெட்டும் இயந்திரம் செய்த கெடுதலே பெரிது என்றார் மருத்துவர். போனது போனதுதான். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வழி சொன்னார்.

பிறகொரு நாள் அவரைச் சந்தித்தபோது, "வேன் எப்படி இருக்கிறது?" என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே சொன்னார்: "பின்னால உக்காந்து ஒரு பையன் வாய்ப்பாடு சொல்றான் ஐயா. ஏழாம் வாய்ப்பாட்டில தப்பு விடுறான். இப்பதான் எனக்குத் தெரியுது."

நேயர்களே, உங்கள் பிள்ளை செல்லும் வேனில் ஒருநாள் நீங்களும் ஏறிப் பாருங்கள். பின் இருக்கையில் அமர்ந்து, சாதாரணக் குரலில் ஓட்டுநரைக் கூப்பிடுங்கள். அவர் திரும்பிப் பார்த்தால் நல்லது. இல்லையென்றால், குறை சொல்லிவிட்டு இறங்கிவிடாமல், பெற்றோர் நாலு பேர் கூடி அந்த வண்டியைச் சரிசெய்ய அவருக்குத் துணை நில்லுங்கள். அவர் ஏற்றிச் செல்வது நம் பிள்ளைகளை அல்லவா?